மோதாமல் நின்றவரும் விபத்தில் ஒரு பங்குதாரர்

அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகருக்குள் ஐ-94 என்ற பெரிய சாலை ஓடுகிறது. அந்தச் சாலையில் கேமராவில் பதிவான மூன்று பின்மோதல் விபத்துகளை மினசோட்டா பல்கலைக்கழகத்தின் கேரி டேவிஸ், டெய்ட் ஸ்வென்சன் என்ற இருவர் ஆராய்ந்தார்கள். வரிசையில் வந்த ஒவ்வொரு காரும் எந்தக் கணத்தில் எங்கே இருந்தது, என்ன வேகம், ஓட்டியவர் எப்போது பிரேக்கை மிதித்தார் என்று பதிவுகளிலிருந்து கணக்கிட்டார்கள். 2006இல் அந்த ஆய்வு வெளிவந்தது. மோதியவர்கள் முன்வண்டியை ஒட்டி வந்திருந்தார்கள் என்பது எதிர்பார்த்ததுதான். ஆனால் மூன்று விபத்துகளிலும் இன்னொன்றும் தெரிந்தது. மோதிய கார்களுக்கு முன்னால் போன ஓட்டுநர்களில் ஒருவராவது, தன் கால் பிரேக்குக்குப் போக ஆகும் நேரத்தைவிடக் குறைந்த இடைவெளியில் வந்திருந்தார். அவர் எதன் மீதும் மோதவில்லை. அவர் விட்டிருந்த இடைவெளி நேரத்துக்குள் அவருடைய கால் பிரேக்குக்குப் போயிருந்தால், பின்னால் நடந்த மோதல் பெரும்பாலும் நடந்திருக்காது என்பது அவர்களின் முடிவு.

'கார்கள் அடுத்தடுத்து மோதி விபத்து' என்ற செய்தியை வாசிக்கும்போது நாம் இடித்தவரைத்தான் தேடுகிறோம். சட்டமும் ஒவ்வொரு ஓட்டுநரையும் தனியாகத்தான் பார்க்கிறது. முன்வண்டி திடீரென்று நின்றாலும் மோதாத அளவுக்கு இடைவெளி விட வேண்டும் என்று இந்தியாவின் 1989ஆம் ஆண்டு சாலை ஒழுங்குமுறைகளின் 23ஆம் விதி சொன்னது. விதி சரியானதே. ஆனால் விபத்து வரிசையாக வளர்கிறது, அதனால் கணக்கையும் வரிசைக்குத்தான் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஐந்து கார்கள் ஒரே தடத்தில் மணிக்கு 54 கி.மீ. வேகத்தில் போகின்றன என்று வைத்துக்கொள்வோம். அதாவது நொடிக்கு 15 மீட்டர். ஒவ்வொருவரும் முன்வண்டிக்குப் பின்னால் ஒரு நொடி இடைவெளியில், 15 மீட்டர் விட்டு வருகிறார்கள். நம் ஊர்களில் இதுவே தாராளமான இடைவெளி. முன்வண்டியின் பிரேக் விளக்கு எரிவதைப் பார்த்து, புரிந்துகொண்டு, காலைத் தூக்கி பிரேக்கில் வைக்க எல்லோருக்கும் ஒன்றரை நொடி ஆகிறது. அந்த ஒன்றரை நொடியில் கார் 22.5 மீட்டர் ஓடிவிடும். கையில் இருப்பதோ 15 மீட்டர். ஒவ்வொருவருக்கும் 7.5 மீட்டர் துண்டு விழுகிறது.

முதல் கார் நிதானமாகவே பிரேக் போட்டு 37.5 மீட்டரில் நிற்கிறது. உள்ளே இருப்பவர்கள் லேசாக முன்னால் சாய்வார்கள், அவ்வளவுதான். இரண்டாவது காருக்கு பிரேக் பிடிக்கக் கிடைப்பது 30 மீட்டர். அவரும் முன்காரைத் தொடாமல் நின்றுவிடுகிறார். மூன்றாவது காருக்கு 22.5 மீட்டர், அழுத்திப் பிடிக்க வேண்டும். நான்காவது காருக்கு 15 மீட்டர். உலர்ந்த தாரில் நல்ல டயர்கள் தரக்கூடிய ஏறக்குறைய முழுப் பிடிப்பையும் அவர் பயன்படுத்தியாக வேண்டும். டயர் கிறீச்சிட்டு மயிரிழையில் நிற்கிறார். ஐந்தாவது காருக்கு மிஞ்சுவது 7.5 மீட்டர். எவ்வளவு பழகிய ஓட்டுநராக இருந்தாலும், சாலையில் ஓடும் எந்தச் சாதாரணக் காராக இருந்தாலும், அந்தத் தூரத்தில் நிற்க முடியாது. பிரேக்கை முழுதாக மிதித்தபடியே சுமார் 38 கி.மீ. வேகத்தில் நான்காவது கார் மீது மோதுவார்.

நிதானமாக நின்ற முதல் கார், ஐந்தாவது இடத்தில் விபத்தாகிவிட்டது. ஐந்தாவது ஓட்டுநர் செய்ததும் மற்ற மூவர் செய்ததும் ஒன்றேதான். எல்லோரும் விட்ட இடைவெளி ஒன்று, எல்லோரும் எடுத்துக்கொண்ட நேரமும் ஒன்று. தனக்கு விழுந்த துண்டைப் பின்னால் வருபவர் தலையில் கட்டிவிட்டு ஒவ்வொருவரும் தப்பித்தார்கள், கடைசியில் கட்டிவிட ஆளில்லாதவர் மாட்டிக்கொண்டார்.

இப்போது ஒரே ஒரு மாற்றம் செய்து பார்ப்போம். இரண்டாவது ஓட்டுநர் மட்டும் இரண்டு நொடி இடைவெளியில், 30 மீட்டர் தள்ளி வருகிறார். மற்ற யாரும் மாறவில்லை. அவர் 45 மீட்டரில் நிற்கலாம். மூன்றாமவருக்கு 37.5, நான்காமவருக்கு 30, ஐந்தாமவருக்கு 22.5 மீட்டர் கிடைக்கும். ஐந்தாவது கார் நின்றுவிடும். மூன்று கார்களுக்கு முன்னால் போகும் முகம் தெரியாத ஒருவரின் பொறுமை, பின்னால் வரும் குடும்பத்தைக் காப்பாற்றுகிறது. மினியாபொலிஸ் ஆய்வு நிஜச் சாலையில் கண்டதும் இதே போன்ற ஒன்றைத்தான். போக்குவரத்து அறிவியலில் எனக்கு மிகவும் பிடித்த உண்மை இது. இது இன்னும் பரவலாகத் தெரியாமல் இருப்பது வருத்தமாக இருக்கிறது.

மழை நாளில் கணக்கு இன்னும் மோசம். நனைந்த சாலையில் டயரின் பிடிப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் போதும், மோதுவது நான்காவது காராகிவிடும்.

பின்னால் போகப் போக அதிர்ச்சி பெருகும் இந்தக் குணத்தை ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் சாண்ட்லர், ஹெர்மன், மான்ட்ரோல் ஆகிய மூவர் 1958லேயே கணிதமாக எழுதிவிட்டார்கள். இரண்டு கார்களைக் கம்பியால் இணைத்து, கம்பி நீள்வதையும் சுருங்குவதையும் வைத்து இடைவெளியை அளந்தார்கள். ஓட்டுநர் எவ்வளவு தாமதமாகவும் எவ்வளவு கடுமையாகவும் எதிர்வினை காட்டுகிறார் என்ற இரண்டையும் பெருக்கி வரும் எண் அரையைத் தாண்டினால், வரிசையில் அதிர்ச்சி அடங்காது, வளரும். 2008இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதைக் கண்ணால் பார்க்கும்படி செய்தார்கள். 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டத்தில் 22 கார்களை ஒரே சீராக ஓடவிட்டார்கள். சிக்னல் இல்லை, குறுக்கே வருவோர் இல்லை. ஆனாலும் சிறிது நேரத்தில் நெரிசல் தானாக முளைத்து, கார்கள் போகும் திசைக்கு எதிராக மணிக்குச் சுமார் 20 கி.மீ. வேகத்தில் பின்னோக்கி நகர்ந்தது. அங்கே வேகம் குறைவு, யாரும் மோதவில்லை. நகரச் சாலையில் அதே அலை வேகமாக வரும் வண்டிகளைச் சந்திக்கிறது.

சரி, ஐந்தாவது கார் மோதிவிட்டது. ஆறாவது காருக்கு என்ன ஆகும்? இதுவரை ஒவ்வொரு காரும் பிரேக்கால் நின்றது, ஐந்தாவது கார் மோதி நிற்கிறது. அதனால் அது நின்ற தூரம் மிகக் குறைவு. நம் கணக்கில் ஆறாமவருக்கு பிரேக் பிடிக்க மிஞ்சுவது ஏறக்குறைய 2 மீட்டர்தான். அவர் மோதும் வேகம் சுமார் 50 கி.மீ. முதல் மோதல் 38 கி.மீ. வேகத்தில், அடுத்தது 50 கி.மீ. வேகத்தில். பின்னால் வரும் மோதல் முதல் மோதலைவிடக் கடுமையாக இருக்கக்கூடும் என்பதால்தான், மோதல் முடிந்துவிட்டது என்று நினைத்து உடனே கதவைத் திறந்து இரண்டு கார்களுக்கு நடுவே இறங்கி நிற்பது அத்தனை ஆபத்து. பெல்ட்டைக் கழற்றுவதற்கு முன் கண்ணாடியில் பின்னால் பாருங்கள், ஹசார்ட் விளக்கைப் போடுங்கள். இறங்கத்தான் வேண்டுமென்றால் சாலையோரப் பக்கமாக இறங்கி வரிசையை விட்டு விலகிப் போய்விடுங்கள்.

இடிபட்ட நான்காவது காரின் நிலை வேறு. ஏறக்குறைய சம எடையுள்ள கார் 38 கி.மீ. வேகத்தில் வந்து இடித்தால், இரண்டும் சேர்ந்து சுமார் 19 கி.மீ. வேகத்தில் முன்னே பாயும். பிரேக்கில் கால் இருந்தால் 2 மீட்டரில் நின்றுவிடும். கால் விலகியிருந்தால் முன்னால் நிற்பவரையும் இடிக்கும். சிக்னலில் நிற்கும்போதும் முன்வண்டியின் பின்சக்கரம் சாலையைத் தொடும் இடம் உங்கள் இருக்கையிலிருந்து தெரியும்படி நிற்பது இதற்குத்தான். அந்தச் சில மீட்டர்களில் சங்கிலி அறுந்துவிடும்.

காருக்குள் நடப்பதையும் சொல்ல வேண்டும். பின்னாலிருந்து இடிக்கும்போது இருக்கை முதுகை முன்னே தள்ளுகிறது. தலை நிலைமத்தால் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. ஒரு கணம் கழுத்தின் கீழ்ப்பகுதி பின்னாலும் மேல்பகுதி முன்னாலும் வளைகிறது. இதெல்லாம் பத்தில் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும், தசைகள் இறுகித் தடுக்க அவகாசமே கிடையாது. அங்கே உதவக்கூடியது ஹெட்ரெஸ்ட் ஒன்றுதான். அது காதுகளுக்குக் கீழே தாழ்ந்திருந்தால் தலையைத் தாங்காது, கழுத்தை வளைக்கும் முட்டாகிவிடும். மேல்விளிம்பு உச்சந்தலை உயரத்துக்கு, தலைக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் இருக்க வேண்டும். கழுத்து வலி அடுத்த நாள் காலையில்கூடத் தலைகாட்டலாம், அதை அலட்சியம் செய்யாதீர்கள். முன்பக்க ஏர்பேக் பின்மோதலில் பெரும்பாலும் விரியாது. முன்மோதலில் விரிந்தாலும் உடனே காற்றிறங்கிவிடும், அடுத்த மோதலுக்கு அது இல்லை. இரண்டாவது, மூன்றாவது இடிக்கும் உங்களைப் பிடித்துக்கொண்டிருப்பது சீட் பெல்ட்தான்.

ஒன்றரை நொடியைக் குறைக்க முடியாதா? ஓரளவு முடியும். பின்கண்ணாடியின் நடுவே உயரத்தில் எரியும் மூன்றாவது பிரேக் விளக்கு அதற்காக வந்ததுதான். 1974இல் ஜான் வோவோட்ஸ்கி என்ற உளவியலாளர் சான் பிரான்சிஸ்கோ டாக்ஸிகளில் அதைப் பொருத்திச் சோதித்தார். 1986 மாடல் முதல் அமெரிக்கக் கார்களில் அது கட்டாயமானது. முன்காரின் கண்ணாடி வழியாக அதற்கும் முன்னால் போகும் காரின் விளக்கு தெரிவதுதான் அதன் பெரிய பயன். இரண்டு கார் தள்ளிப் பார்ப்பவருக்கு ஒரு தாமதம் முழுதாக மிச்சம். பழைய இழை விளக்கைவிட எல்இடி விளக்கு ஏறக்குறைய 0.2 நொடி முன்னதாக முழுப் பிரகாசத்துக்கு வந்துவிடும். நம் வேகத்தில் அது 3 மீட்டர். லாரி, பஸ், வேன் பின்னால் போகும்போது அப்படி முன்னால் ஊடுருவிப் பார்க்க முடியாது, அதனால் அங்கே இன்னும் தள்ளித்தான் போக வேண்டும். மேம்பாலத்தில் ஏறும்போதும் அப்படியே. உச்சிக்கு அப்பால் நிற்கும் வண்டிகளை எந்த விளக்கும் காட்டாது.

முன்வண்டிக்கு ஏற்பத் தானே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் தானியங்கி வேகக் கட்டுப்பாடு இதைத் தீர்த்துவிடும் என்று நம்புகிறவர்கள் உண்டு. 2018 மாடல் கார்கள் ஏழில் அந்த வசதியைச் சோதித்தபோது, ஏழிலுமே அதிர்ச்சி பின்னால் போகப் போக வளர்ந்தது. முன்வண்டியை மட்டும் பார்த்து ஓட்டினால் இயந்திரத்துக்கும் மனிதரின் சிக்கலேதான்.

இடைவெளி விட்டால் பைக்கும் ஆட்டோவும் புகுந்துவிடும் என்பார்கள். புகும், சென்னையில் நிச்சயம் புகும். ஒரு வண்டி புகுந்தால் நாம் பின்தங்குவது ஏறக்குறைய இரண்டு நொடி. தாம்பரத்திலிருந்து கிண்டி வருவதற்குள் பத்து வண்டிகள் புகுந்தாலும் இழப்பு 20 நொடி, ஒரு சிக்னலில் நிற்கும் நேரம்கூட இல்லை. புகுந்த பைக்காரர் நமக்கும் முன்வண்டிக்கும் நடுவே இருக்கிறார் என்பதைத்தான் நான் அதிகம் நினைப்பேன். வரிசையில் இரும்புக்கூடு இல்லாமல் இருப்பவர் அவர் ஒருவரே. அவர் புகுந்ததும் காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து லேசாக எடுத்தால் இடைவெளி திரும்பக் கிடைத்துவிடும். முன்வண்டி ஒரு விளக்குக் கம்பத்தைத் தாண்டியபின் இரண்டு நொடி எண்ணி முடிக்கும் வரை நம் வண்டி அந்தக் கம்பத்தை எட்டியிருக்கக் கூடாது. மழையில் நான்கு நொடி எண்ணுங்கள்.