இன்றைக்கு விற்றால் என்ன விலை?

2011ஆம் ஆண்டின் மூன்றாம் காலாண்டு. ஐரோப்பியக் கடன் நெருக்கடியில் மார்கன் ஸ்டான்லி எவ்வளவு மாட்டிக்கொண்டிருக்கிறதோ என்று சந்தை பயந்தது. அந்த வங்கி வெளியிட்டிருந்த கடன்பத்திரங்களின் விலை சரிந்தது. ஆனால் அந்தக் காலாண்டில் அது காட்டிய சுமார் 990 கோடி டாலர் வருவாயில் 340 கோடி, இந்தச் சரிவின் பெயரிலேயே வந்தது!

தில்லுமுல்லு ஏதும் இல்லை, நியாய மதிப்பு விதி அப்படி. சொத்து வாங்கிய விலை என்ன என்பதை அது கேட்பதில்லை. கணக்கு முடிக்கும் நாளில், நெருக்கடியில்லாமல் நடக்கும் ஒரு விற்பனையில், விவரம் தெரிந்த வெளியாள் அதற்கு என்ன கொடுப்பார்? கடன் என்றால், அதை இன்னொருவர் ஏற்றுக்கொள்ள அவருக்கு எவ்வளவு தர வேண்டும்? சர்வதேசக் கணக்கு விதியான ஐஎஃப்ஆர்எஸ் 13, நம் ஊர் இந்த் ஏஎஸ் 113 இரண்டும் கேட்பது இதைத்தான். (வட்டியையும் அசலையும் வசூலிக்க மட்டுமே வைத்திருக்கும் கடன்களுக்குப் பொதுவாக வேறு கணக்கு.)

100 ரூபாய் பத்திரம், வருடத்துக்கு 7% வட்டி, இன்னும் 10 வருடம் பாக்கி என்று வைத்துக்கொள்வோம். இப்போது சந்தையில் 8% கிடைக்கிறது. அடுத்த வருடம் வரும் 7 ரூபாயை 1.08ஆல் வகுத்தால் இன்றைய மதிப்பு 6.48. பத்தாம் வருடம் அசலோடு வரும் 107 ரூபாயைப் பத்து முறை 1.08ஆல் வகுத்தால் இன்று 49.56தான். பத்து வருட வரவையும் இப்படி இன்றைய மதிப்புக்கு மாற்றிக் கூட்டினால் 93 ரூபாய் 29 காசு. வட்டி ஒரே ஒரு சதவீதம் ஏறியதில் கிட்டத்தட்ட 7 ரூபாய் போய்விட்டது.

பத்திரத்தை வைத்திருப்பவருக்கு நஷ்டமான அந்த 7 ரூபாய், நியாய மதிப்பில் கணக்கு வைக்கும் கடனாளிக்கு லாபம். சந்தை இவரை நம்பாமல் கூடுதல் வட்டி கேட்டாலும் இதே கணக்குதான். ஆனால் முதிர்வு நாளில் முழு 100 ரூபாயைத் திருப்பித் தந்தே ஆக வேண்டும்! இந்தக் கூத்துக்கு ஐஎஃப்ஆர்எஸ் 9ம், அமெரிக்காவில் 2016இல் வந்த விதியும் முடிவு கட்டின. தன் கடன்தரம் சரிந்ததால் வரும் இத்தகைய 'லாபம்' இப்போது பொதுவாக லாப நஷ்டக் கணக்குக்கு வெளியே, தனிப் பதிவாகப் போகிறது.

சரி, அந்த 8% எங்கிருந்து வந்தது? விலை எவ்வளவு நேரடியாகச் சந்தையிலிருந்து கிடைக்கிறது என்பதை வைத்து மூன்று நிலைகள். தேசியப் பங்குச் சந்தையில் தினமும் கைமாறும் இன்ஃபோசிஸ் பங்கு முதல் நிலை: அன்றைய விலையைப் பங்கு எண்ணிக்கையால் பெருக்கினால் முடிந்தது. மொத்தத்தையும் ஒரே நாளில் கொட்டினால் விலை விழுமே என்று தள்ளுபடி போட்டுக்கொள்ள அனுமதி இல்லை. எப்போதாவது கைமாறும் நிறுவனக் கடன்பத்திரம் பெரும்பாலும் இரண்டாம் நிலை. அதே காலத்துக்கான அரசுப் பத்திர வட்டியோடு, அதன் தரத்துக்கு ஏற்ற கூடுதலைச் சேர்த்துக் கணக்கிடுவார்கள்.

மூன்றாம் நிலையில்தான் ஆடிட்டருக்குத் தலைவலி. பட்டியலிடப்படாத நிறுவனத்தின் பங்குக்குச் சந்தை விலையே கிடையாது. வருங்கால வரவை அனுமானிக்க வேண்டும். 2022இல் 2,200 கோடி டாலர் மதிப்பிடப்பட்ட பைஜூஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 மார்ச் முடிவில், அதில் முதலீடு செய்திருந்த பிளாக்ராக், புரோசஸ் இரண்டில் பிளாக்ராக் கணக்கில் அதன் மொத்த மதிப்பு சுமார் 840 கோடி டாலர், புரோசஸ் கணக்கில் சுமார் 510 கோடி. ஒரே நிறுவனம், ஒரே தேதி. 2024இல் புரோசஸ் தன் பங்கின் மதிப்பைப் பூஜ்யமாக்கியது.

இதனால்தான் மூன்றாம் நிலைச் சொத்துகளுக்கு எந்த அனுமானங்களை வைத்தார்கள், அவை மாறினால் மதிப்பு எந்தப் பக்கம் நகரும் என்பதைக் குறிப்புகளில் எழுதியாக வேண்டும் என்று விதி கேட்கிறது. ஆண்டறிக்கை கையில் கிடைத்தால் தலைவர் உரையைத் தாண்டி நான் முதலில் புரட்டுவது அந்தப் பக்கங்களைத்தான்.