புகாருக்கு உள்ளானவர் மேஜைக்கே திரும்பும் மனு

சென்ற மாதம் ஒரு பெரியவர் மஞ்சள் பை நிறைய காகிதத்தோடு என் அலுவலகத்துக்கு வந்தார். "ஒம்பது மனு குடுத்துட்டேன் வக்கீலய்யா, எல்லாத்துக்கும் பதிலும் வந்துடுச்சு" என்றார். பதில்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஒன்பதும் ஒரே அலுவலகத்திலிருந்து வந்தவை. அவருடைய புகாரே அந்த அலுவலகத்து நில அளவர் உட்பிரிவைத் தவறாகப் போட்டுவிட்டார் என்பதுதான். திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியரிடம் கொடுத்த மனுவும், தபாலில் போட்டதும் சுற்றிச் சுற்றி அந்த மேஜைக்கே போய் இறங்கியிருந்தன.

இந்த நோய்க்கு வயது இருநூறைத் தாண்டும். சென்னை மாகாணத்தில் 1816-இல் வந்த சட்டங்கள் ஊர்ப்புறப் போலீஸ் வேலையை வருவாய்த் துறையிடமே ஒப்படைத்தன. கிஸ்தி என்ற நிலவரியை வசூலிக்கும் தாசில்தாரே போலீஸ் தலைவரும் ஆனார். வசூலுக்கு வந்த சேவகன் அடித்தால், ரயத்து, அதாவது குடியானவர், யாரிடம் போய்ச் சொல்வது? அந்தச் சேவகனை அனுப்பிய தாசில்தாரிடம்தான்.

இந்த அடைப்பை மீறிப் போன மனு ஒன்று உண்டு. 'கிரசென்ட்' பத்திரிகையை நடத்திய காசுலு லட்சுமிநரசு செட்டி 1852-இல் சென்னை சுதேசிகள் சங்கத்தைத் தொடங்கினார். அப்போது நாட்டை ஆண்ட கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சி உரிமைச் சாசனம் புதுப்பிக்கப்படவிருந்த நேரம் அது. அந்த ஆண்டு டிசம்பரில் சங்கம் லண்டன் நாடாளுமன்றத்துக்கே மனு எழுதியது. ஆனால் நம் மாகாணத்தார் ஓட்டுப் போட்டு அனுப்பிய உறுப்பினர் ஒருவர்கூட அந்தச் சபையில் இல்லை. ஓர் உறுப்பினர் கையில் எடுத்தால்தான் மனு உள்ளே போகும். உள்ளே போனாலும் மனு கொடுக்கும் வேளையில் அதைப் பற்றி விவாதிக்க 1842 முதலே இடமில்லை. மனுக்கள் ஒரு குழுவுக்குப் போய், வகை பிரித்துப் பட்டியலில் ஏறும். 1853 ஆகஸ்டில் கம்பெனியின் ஆட்சியை நீட்டித்தே சட்டம் வந்தது. சங்கம் கேட்டது கிடைக்கவில்லை.

சங்கம் அத்தோடு விட்டுவிடவில்லை, அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதே ஆண்டு டான்பி சீமோர் என்ற லண்டன் நாடாளுமன்ற உறுப்பினர் சென்னைக்கு வந்தபோது லட்சுமிநரசு செட்டி அவரை ஊர் ஊராக அழைத்துப் போனார். 1854 ஜூலையில் அந்த நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் சபையில் சென்னை நிலவரி பற்றிய விவாதம் நடந்தபோது வசூலுக்காக நடக்கும் சித்திரவதை பேச்சில் வந்தது. அந்த ஆண்டே விசாரணைக் குழு அமைந்தது. ஜான் புரூஸ் நார்ட்டன் என்ற பாரிஸ்டரும் அதில் ஒருவர்.

புகாரை நேரிலோ கடிதத்திலோ நேராகக் குழுவுக்கே தரலாம் என்று அறிவிப்பு போனது. இடையில் தாசில்தார் இல்லை. சுமார் மூன்று மாதத்தில் 1,959 புகார்கள் வந்தன, பெரும்பகுதி கடிதமாக. விரல்களை நெரிக்கும் கிட்டி, உடலை மடக்கிக் கட்டிப்போடும் அண்ணாந்தாள் எல்லாம் 1855 அறிக்கையில் பதிவாயின. பாதிக்கப்பட்டவர் பரிகாரம் பெறுவது எவ்வளவு கடினம் என்பதையும் குழு எழுதியது. வெள்ளை அதிகாரிகளை மட்டும் குற்றத்திலிருந்து விலக்கிவிட்டு, பழியை உள்ளூர்ச் சேவகர்கள் தலையில் போட்டது. அந்த அநியாயத்தை மறைக்க எனக்கு மனமில்லை. என்றாலும் 1859-ஆம் ஆண்டின் 24-ஆம் சட்டம் போலீஸை வருவாய்த் துறையிலிருந்து பிரித்துத் தனித் துறையாக்கியது.

என் கட்சிக்காரர்களிடம் நான் சொல்வது இதைத்தான். யார் மீது புகார் என்பதை முதல் பத்தியிலேயே எழுதுங்கள். "இந்த அலுவலகத்துக்கு அனுப்பாமல், இதற்கு மேலுள்ள அதிகாரி விசாரிக்க வேண்டும்" என்று கோரிக்கையாகவே கேளுங்கள். இந்த ஒரு வரி இல்லாத மனுக்கள்தான் என்னிடம் நிறைய வருகின்றன. தேதி, சர்வே எண், தொகை, நடந்தது என்ன என்பது போதும். ஊழலைப் பற்றிய பொது வசனம் வேண்டாம். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் கவுன்டரை விட்டு நகராதீர்கள். மனு எந்த மேஜையில் இருக்கிறது என்று தெரியாவிட்டால், தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும்.

பெரியவருக்குப் பத்தாவது மனுவைக் கோட்டாட்சியர் பெயருக்கு எழுதினோம், ஒரே பக்கம். பழைய ஒன்பது பதில்களின் நகலையும் பின்னால் இணைத்து, எல்லாவற்றிலும் இருந்த அலுவலக முத்திரையைச் சிவப்பு மையால் வட்டமிட்டுக் காட்டினோம். நேர் விசாரணைக்கு வரச்சொல்லி அவருக்குக் கடிதம் வந்திருக்கிறது. அசல் பத்திரத்தோடு அடுத்த வாரம் போகிறார்.