மெட்டலைசிங் – உலோகத் தெளிப்பு

உலோகத்தை உருக்கி, காற்றழுத்தத்தால் துளிகளாகச் சிதறடித்து ஒரு பரப்பில் படியவைப்பது மெட்டலைசிங். சுரங்கத்தைக் குறித்த ‘மெட்டாலோன்’ என்ற கிரேக்கச் சொல் இதன் வேர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இம்முறையை உருவாக்கியவர் சுவிட்சர்லாந்தின் மாக்ஸ் உல்ரிச் ஷோப். ஜெர்மானியர் அவர் பெயரையே வினையாக்கி ‘ஷோப்பீரன்’ என்றனர்.

தமிழில் ‘உலோகப் பூச்சு’ என்று எழுதுவது வழக்கம். இரும்புத் தூணுக்கு அது சரி. கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கு ‘துத்தநாகத் தெளிப்பு’ என்பதே பொருந்தும். பூச்சு என்றதும் பெயின்ட் போல உப்பையும் நீரையும் தடுப்பது என்ற எண்ணம் வந்துவிடுகிறது. இங்கே நடப்பது வேறு.

நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மை (பிஎச் 12.5க்கு மேல்) கம்பியின்மேல் ஒரு மெல்லிய காப்புப் படலத்தை நிலைநிறுத்துகிறது. கடலுப்பின் குளோரைடு கம்பியை எட்டினால் படலம் உடையும். துரு உப்பிக் கான்கிரீட்டைப் பிளக்கும். மேலே தெளித்த துத்தநாகத்தை உள்ளே உள்ள கம்பியோடு இணைத்தால் இரண்டும் மின்கலத்தின் இரு முனைகளாகின்றன. ஈரக் கான்கிரீட்தான் மின்பகுளி. துத்தநாகத்தின் நியம மின்னழுத்தம் −0.76 வோல்ட், இரும்புக்கு −0.44. மதிப்பு குறைந்த உலோகமே முதலில் கரையும். ஆகவே துத்தநாகம் கரையும், கம்பி தப்பும். கம்பியை எதிர்மின்வாயாக்கிக் காப்பதால் இதன் பெயர் எதிர்மின்வாய்ப் பாதுகாப்பு. கரையும் துத்தநாகத்தை ‘நேர்மின்வாய்’ என்கிறோம். ஆனால் இந்தக் கலத்தில் அதுதான் எதிர்முனை. இலங்கைப் பாடநூல்களின் ‘அனோட்டு’ (இங்கே கரையும் துத்தநாகம்), ‘கதோட்டு’ (காக்கப்படும் கம்பி) என்ற சொற்கள் இந்தக் குழப்பத்துக்கு இடம் தருவதில்லை.

வேலையின் முதல் படி, தட்டிப் பார்த்து ‘டொக்’ என்று வெற்றொலி எழும் பகுதிகளைக் கொத்தி எடுத்து சிமென்ட் கலவையால் நிரப்புவது. எபாக்சி மின்சாரத்தைக் கடத்தாது. அங்கே பாதுகாப்பு அறுந்துவிடும். கம்பிகள் ஒன்றோடொன்று தொடர்பில் உள்ளனவா என்று மல்டிமீட்டரில் பார்த்து, இல்லாத இடத்தில் வெல்டிங் செய்ய வேண்டும். பிறகு சாண்ட் பிளாஸ்டிங், அதாவது மணலை வேகமாக வீசிப் பரப்பைச் சுரண்டுவது. பரப்பு சொரசொரப்பாகவும் உலர்ந்தும் இருக்க வேண்டும். ஈரத்தின்மேல் தெளித்தால் படலம் தகடாக உரிந்து வரும். தெளிப்புத் துப்பாக்கிக்குள் இரண்டு துத்தநாகக் கம்பிகள் மின்வில்லில் சுமார் 420 டிகிரியில் உருக, காற்று அதை வீசியடிக்கும். தடிமன் 0.4 மில்லிமீட்டர் என்றால் சதுர மீட்டருக்கு 2.9 கிலோ படிய வேண்டும். தெறித்து வீணாவது தனி. புகையிலுள்ள துத்தநாக ஆக்சைடு காய்ச்சலும் நடுக்கமும் தரும், சுவாசக் கவசமில்லாமல் துப்பாக்கியைத் தொடக் கூடாது.

அமெரிக்காவின் ஃபுளோரிடா கீஸ் கடற்பாலங்களில் இப்படித் தெளித்திருக்கிறார்கள். அலைத்துளி படும் உயரத்தில் ஈரம் இருப்பதால் மின்னோட்டம் நன்றாக ஓடும். காய்ந்த கான்கிரீட்டில் மின்தடை ஏறி, துத்தநாகம் வெறும் சாம்பல் நிறப் படலமாகவே நின்றுவிடும்.

ஆரிகன் மாநிலக் கடற்கரையின் கேப் கிரீக் பாலத்தில் அதே தெளிப்பு, ஆனால் வெளியிலிருந்து நேர்மின்சாரம் (டிசி) செலுத்தும் முறை. அங்கே விதி தலைகீழ்: பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு துண்டுக் கட்டுக்கம்பி துத்தநாகத்தைத் தொட்டாலும் ஷார்ட் சர்க்யூட் ஆகி, மின்னோட்டம் கான்கிரீட் வழியே போகாமல் அந்தக் குறுக்குவழியில் போய்விடும். தெளிப்பதற்கு முன்பே அவற்றைத் தேடி, வெட்டி, குழியை அடைத்துவிட வேண்டும்.