பிறன், அயலான், அடுத்தவர்: நல்ல சமாரியன் கதையில் ஒரு சொல்

"எனக்குப் பிறன் யார்?" பிறனிடத்தில் உன்னைப்போல் அன்புகூரு என்ற கட்டளையை ஒட்டி, பைபிளில் லூக்கா 10ஆம் அதிகாரத்தில் ஒரு நியாயசாஸ்திரி (யூத வேதச் சட்டம் கற்றவன்) இயேசுவிடம் கேட்கும் கேள்வி இது. சின்ன வயதிலிருந்தே காதில் ஊறிப்போன வசனம் என்பதால், இதற்குள் ஒரு சிக்கல் இருப்பது எனக்குப் பல வருஷம் உறைக்கவே இல்லை. சிக்கல் அவன் கேட்டதில் இல்லை. பதிலுக்கு இயேசு ஒரு கதை சொல்கிறார்: கள்ளரிடம் அடிபட்டு வழியில் கிடந்த ஒருவனை ஓர் ஆசாரியனும் ஒரு லேவியனும் (ஆலய ஊழியன்) கண்டும் விலகிப்போகிறார்கள், யூதர்கள் ஒதுக்கிவைத்த சமாரிய ஜனத்தைச் சேர்ந்த ஒருவன் கிட்ட வந்து காப்பாற்றுகிறான். அதைச் சொல்லி முடித்துவிட்டு அவர் திருப்பிக் கேட்கிறாரே, அங்கே இருக்கிறது: "கள்ளர் கையில் அகப்பட்டவனுக்கு இந்த மூன்று பேரில் எவன் பிறனாயிருந்தான்?"

பைபிளே படித்திராத, நல்ல தமிழ் தெரிந்த ஒருவரிடம் கதையைச் சொல்லி இந்தக் கேள்வியை அப்படியே கேட்டுப் பாருங்கள். அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டும் விலகிப்போன ஆசாரியனையும் லேவியனையும்தான் அவர் காட்டுவார். பிறன் என்றால் வேற்றாள்தானே? வேற்றாள் மாதிரி நடந்துகொண்டவர்கள் அந்த இரண்டு பேர்தானே? ஆனால் வசனம் கேட்பது அதற்கு நேர் எதிரான ஆளை.

சரி, முதலில் சொல்லைப் பார்ப்போம். பிறன் என்பது 'பிற' என்ற அடியிலிருந்து வந்தது. பிறிது, பிறர், பிறள், பிறன் எல்லாம் ஒரே குடும்பம் (குழந்தை பிறப்பதைச் சொல்லும் 'பிற' வேறு சொல், ஒலி மட்டும்தான் ஒன்று). தான், தனது என்று ஒரு கோடு போட்டால் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பதெல்லாம் பிற. திருக்குறளின் 15ஆம் அதிகாரத்துக்குப் பெயர் 'பிறனில் விழையாமை'. பிறன் + இல், அதாவது மற்றவன் மனைவியை விரும்பாதிருத்தல். அந்தக் கோட்டைத் தாண்டாதே என்பதுதான் அங்கே செய்தி. பத்துக் கட்டளைகளிலும் இந்தச் சொல் இப்படியே பொருந்தி உட்காருகிறது: பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதே, பிறனுடைய வீட்டை இச்சியாதே. தள்ளி நில், கை வைக்காதே என்று சொல்லும் கட்டளைகளுக்கு 'பிறன்' கச்சிதமான சொல். கிட்டப் போ என்று சொல்லும் கட்டளைக்கு வரும்போதுதான் அது இடறுகிறது.

அப்படியானால் மொழிபெயர்த்தவர்கள் ஏன் இதை எடுத்தார்கள்? இன்றும் பெரும்பாலான சீர்திருத்த சபைகளில் வாசிக்கப்படுவது 1871இல் வெளிவந்த திருப்புதல். அதைச் செய்தவர்கள் கவனமில்லாதவர்கள் இல்லை. கிரேக்கத்தில் பக்கத்து வீட்டுக்காரருக்கு 'கெய்தோன்' என்று தனிச்சொல் உண்டு, லூக்காவே 15ஆம் அதிகாரத்தில் அதைப் பயன்படுத்துகிறார். காணாமல்போன ஆட்டைக் கண்டுபிடித்தவன் சிநேகிதரையும் 'அயலகத்தாரையும்' கூப்பிடுகிறான் என்று தமிழில் படிக்கிறோமே, அதுதான். ஆனால் "உன்னைப்போல் அன்புகூரு" என்ற கட்டளையில் இருக்கும் கிரேக்கச் சொல் 'பிளேசியோன்'. இதற்கும் 'அயலகத்தார்' என்றே போட்டிருந்தால் அன்பு நாலு வீட்டுக்குள் முடிந்துவிடும். அந்த வேலியை உடைக்கத்தான் 'பிறன்' என்ற விரிந்த சொல்லுக்குப் போயிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. எல்லோரையும் உள்ளே கொண்டுவந்த சொல்தான், ஆனால் எல்லோரையும் தூரத்தில் நிறுத்தியும்விட்டது.

பிளேசியோன் என்பது அடிப்படையில் 'அருகே' என்று பொருள்படும் வினையடை. முன்னால் ஒரு சுட்டு சேர்ந்ததும் 'அருகே இருப்பவர்' என்று ஆளைக் குறிக்கிறது. லத்தீனில் இது 'ப்ராக்சிமுஸ்', மிக அருகில் உள்ளவர். இரண்டிலும் வேற்றாள் என்ற வாடையே கிடையாது, முழுக்க முழுக்கத் தூரம் பற்றிய, அல்லது தூரம் இல்லாமல் போவதைப் பற்றிய சொற்கள் அவை.

எபிரெயத்துக்குப் போனால் இன்னொரு நிறம் வருகிறது. இந்தக் கட்டளை முதலில் வரும் லேவியராகமம் 19:18இல் இருப்பது 'ரேயா'. தோழன், கூட்டாளி, கூட இருப்பவன் என்று பல இடங்களில் பல பொருள்களில் வரும். அந்த வசனத்தின் முதல் பாதி "உன் ஜனப்புத்திரர்" மேல் பழிவாங்காதே, பொறாமை கொள்ளாதே என்று சொல்வதால், அங்கே ரேயா முதலில் சொந்த ஜனத்தானைத்தான் குறிக்கிறது என்று வாதாட இடம் இருக்கிறது. நியாயசாஸ்திரியின் கேள்வி அந்த இடுக்கில் முளைத்ததுதான். யார்வரை நான் அன்பு காட்டக் கடமைப்பட்டவன், எங்கே நிறுத்திக்கொள்ளலாம்? ஆனால் அதே அதிகாரத்தில் 16 வசனம் தள்ளி, 34இல், உங்களோடு தங்கும் அந்நியனையும் உங்களைப்போலவே நேசியுங்கள், நீங்களும் எகிப்தில் அந்நியராக இருந்தவர்கள்தானே என்று எழுதியிருக்கிறது. வேதத்தைக் கரைத்துக் குடித்தவனுக்கு அது தெரியாமல் இருந்திருக்காது.

அந்த 19ஆம் அதிகாரத்தை ஒருமுறை முழுசாகப் படிக்கச் சொல்லி நான் யாரைப் பார்த்தாலும் கேட்டுக்கொள்வேன். அறுக்கும்போது வயலின் ஓரத்தை ஏழைக்கு விட்டுவிடு, கூலிக்காரனுடைய கூலியை விடியும்வரை உன்னிடம் வைத்துக்கொள்ளாதே, செவிடனைத் திட்டாதே, குருடனுக்கு முன்னால் தடுக்கலை வைக்காதே. இப்படி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்துதான் அன்புகூரு என்ற வார்த்தை வருகிறது. அங்கே அன்பு என்பது ராத்திரிக்குள் கொடுத்துவிட வேண்டிய கூலி.

அன்புகூர்தலில் உள்ள 'கூர்' நல்ல பழந்தமிழ். கூர்தல் என்றால் மிகுதல், பெருகுதல். வெறுமே பிரியம் வைத்தல் என்பதைவிட, இருக்கும் அன்பு பெருகி வழியட்டும் என்ற பொருள் அதில் உண்டு. இந்தச் சொல்லை மாற்றவே வேண்டாம்.

இனி, பிறனுக்குப் பதிலாக எந்தத் தமிழ்ச் சொல்? முதலில் நினைவுக்கு வருவது அயலான். விசித்திரமான சொல் இது. அயல் என்றால் பக்கம், அருகு. அக்கம்பக்கத்தாரை அண்டை அயலார் என்கிறோம். அதே அயல்தான் அயல்நாடு, அயல்மொழி என்று அந்நியத்தையும் குறிக்கிறது. பக்கத்தில் இருப்பவனும் வேற்றாளும் ஒரே சொல்லுக்குள்! இந்தக் கதைக்கு இதைவிடப் பொருத்தம் கிடையாது என்றுகூட ஒரு காலத்தில் நினைத்தேன், ஏனென்றால் சமாரியன் அப்படித்தானே, பக்கத்து நாட்டான், ஆனால் அந்நியன். ஆனாலும் இன்றைய காதுக்கு அயலான் என்றதும் வெளியாள் என்பதுதான் முதலில் விழுகிறது, பிறனுக்கு வந்த அதே கதிதான் இதற்கும்.

அப்புறம் 'அடுத்தவர்'. எனக்கு இதுதான் சரி என்று படுகிறது. அடுத்தல் என்றால் நெருங்குதல், அருகில் சேர்தல், வந்து பொருந்துதல். "அடுத்தது காட்டும் பளிங்குபோல்" என்று குறளில் வருவது, தன்னை நெருங்கியிருப்பதைக் காட்டும் பளிங்கு. 1995இல் வந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு இந்த வேரைத்தான் பிடித்தது, "எனக்கு அடுத்திருப்பவர் யார்?" என்று. பிளேசியோனுக்கு இதைவிடக் கிட்டத்தில் தமிழில் போக முடியுமா தெரியவில்லை. "அடுத்தவன் விஷயத்தில் தலையிடாதே" என்று பேச்சில் சொல்லும்போது அடுத்தவனும் பிறனாகத்தானே ஆகிவிட்டான் என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் சொல்லின் உள்ளே 'அடு' இன்னும் உயிரோடு இருக்கிறது, கொஞ்சம் தட்டினாலே நெருக்கம் என்ற பொருள் எழுந்து வந்துவிடும். பிறனை எவ்வளவு தட்டினாலும் அது வராது.

அடுத்திருப்பவர் என்பதிலும் எனக்கு ஒரு சின்னக் குறை உண்டு. 'இருப்பவர்' என்றால் ஏற்கெனவே பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர். கிரேக்க மூலத்தில் இயேசு கேட்பது, மூவரில் எவன் அடுத்தவன் 'ஆனான்' என்று. அந்த வினைச்சொல் ஆகுதலைச் சொல்கிறது. சமாரியன் அந்த வழியில் யாருக்கும் அடுத்து இருக்கவில்லை, போய் அடுத்தவன் ஆனான். அதனால் 36ஆம் வசனத்தை "கள்ளர் கையில் அகப்பட்டவனுக்கு இந்த மூன்று பேரில் அடுத்தவன் ஆனது யார்?" என்று படித்தால் கேள்வி சரியாகக் காதில் விழும்.

கதை முழுக்க இந்தத் தூரக் கணக்குதான் ஓடுகிறது. எருசலேமிலிருந்து எரிகோவுக்கு ஏறக்குறைய 27 கிலோமீட்டர் வழி, அதற்குள் 1000 மீட்டருக்குமேல் இறக்கம், வறண்ட மலைப் பாதை. ஆசாரியன் "அவனைக் கண்டு, பக்கமாய் விலகிப்போனான்". லேவியனும் அப்படியே. சமாரியனோ "கிட்ட வந்து" காயங்களைக் கட்டினான். மூன்று பேருமே கண்டார்கள். கண்டதில் வித்தியாசம் இல்லை, கண்ட பிறகு கால் எந்தப் பக்கம் போனது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

காலைத் திருப்பிய அந்த நடு வார்த்தை 'மனதுருகி'. இதன் கிரேக்கச் சொல் 'ஸ்பிளாங்க்னா' என்ற பெயர்ச்சொல்லிலிருந்து வந்தது, குடல், ஈரல் போன்ற உள்ளுறுப்புகள் என்று பொருள். எபிரெயத்தில் இரக்கத்துக்கு உள்ள 'ரஹமீம்', கருப்பையைக் குறிக்கும் 'ரெஹெம்' உடன் உறவுடைய சொல். பிள்ளைக்கு ஒன்று என்றால் 'பெற்ற வயிறு பற்றி எரியுது' என்று தாய் சொல்வாளே, அந்த வயிறுதான். 'மனதுருகி' நல்ல தமிழ், அழகான தமிழ், ஆனால் மூலத்தில் உருகுவது மனதைவிட இன்னும் கீழே, அடிவயிற்றில். இந்தச் சொல் லூக்காவில் மூன்றே இடங்களில் வருகிறது. நாயீன் ஊரில் ஒரே மகனைப் பறிகொடுத்த விதவையைக் கண்டு இயேசு மனதுருகினார், கிட்ட வந்து பாடையைத் தொட்டார். சமாரியன் மனதுருகினான், கிட்ட வந்தான். கெட்ட குமாரனைத் தூரத்தில் கண்ட தகப்பன் மனதுருகினான், ஓடினான். மூன்றிலும் முதலில் கண், பிறகு வயிறு, பிறகு கால்.

கதையின் கடைசியில் வரும் 'இரக்கஞ்செய்தவனே' என்பதில் உள்ள இரக்கம் 'இரங்கு' என்ற வினையிலிருந்து வருவது. பழைய தமிழில் முரசும் கடலும் ஒலிப்பதை 'இரங்கும்' என்பார்கள், பிறகு அழுது புலம்புவதும் இரங்கல், இன்றும் இரங்கல் கூட்டம் என்கிறோம். உள்ளுக்குள் ஒன்று ஒலிக்கிறது என்று எடுத்துக்கொண்டால் தப்பில்லை. ஆனால் வசனத்தில் அது 'இரக்கம் கொண்டவன்' என்று நிற்காமல் 'செய்தவன்' என்று போகிறது. எண்ணெயும் திராட்சரசமும் வார்த்து, தன் வாகனத்தில் ஏற்றி, சத்திரத்தில் ஒரு ராத்திரி பராமரித்து, மறுநாள் இரண்டு பணம் கொடுத்து. அந்தப் பணம் ஒவ்வொன்றும் ஒரு கூலியாளின் ஒரு நாள் கூலி. போதாவிட்டால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று வாக்கும் கொடுக்கிறான்.

சமாரியன் என்ற சொல்லும் இப்போது வெகுவாக மாறிவிட்டது. விபத்தில் உதவுகிறவர்களைக் காக்கும் சட்டங்களைப் பல நாடுகளில் 'நல்ல சமாரியன்' பெயரில்தான் குறிப்பிடுகிறார்கள், அதனால் சமாரியன் என்றாலே நல்லவன் என்று ஆகிவிட்டது. அன்றைக்குக் கேட்டவர்களுக்கு அப்படி இல்லை. யூதர்கள் சமாரியரோடு சம்பந்தங்கலவாதவர்கள் என்று யோவான் 4ஆம் அதிகாரம் சொல்கிறது. அது மட்டுமா, லூக்காவில் இதற்கு முந்தின அதிகாரத்தில்தான் ஒரு சமாரியக் கிராமம் இயேசுவை ஏற்றுக்கொள்ள மறுக்கிறது, வானத்திலிருந்து அக்கினியை இறக்கி அழிக்கட்டுமா என்று சீடர்கள் யாக்கோபும் யோவானும் கேட்கிறார்கள், அவர்களை அவர் அதட்டுகிறார். தன்னை உள்ளே விடாத அந்த ஜனத்திலிருந்து ஒருவனை எடுத்து அடுத்த அதிகாரத்திலேயே கதையின் நடுவில் நிறுத்துகிறார். நியாயசாஸ்திரியின் வாயில் 'சமாரியன்' என்ற பெயர்கூட வரவில்லை, "அவனுக்கு இரக்கஞ்செய்தவனே" என்று சுற்றித்தான் சொல்கிறான்.

எனவே இந்தப் பகுதியைப் பிள்ளைகளுக்கு வாசிப்பவர்கள், கட்டளையில் 'பிறன்' என்றே வாசித்தாலும் பரவாயில்லை, மனப்பாடமாகிப்போன வசனத்தை மாற்றச் சொல்ல எனக்கும் மனசு வராது. 36ஆம் வசனத்தில் மட்டும் ஒரு நிமிஷம் நிறுத்தி, இங்கே பிறன் என்றால் கிட்ட வந்தவன் என்று சொல்லிவிட்டு மேலே போங்கள்.