முதலில் தட்டு, அப்புறம் பேச்சு

“கவுன்சலிங் போயிட்டுதான் இருக்கா டாக்டர். மனசு சரியானா தானா சாப்பிடுவா.” அனோரெக்ஸியா நெர்வோசா (எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டை ஒதுக்கிப் பட்டினி கிடக்கும் நோய்) உள்ள பிள்ளைகளின் பெற்றோர் சொல்ல, இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. சமீபத்தில் வந்த சிறுமிக்கு மாதக்கணக்கில் கவுன்சலிங் நடந்திருக்கிறது. படிப்புச் சுமை, தோழிகளின் கேலி, எல்லாம் பேசித் தீர்த்திருக்கிறார்கள். எடை பார்த்தீர்களா என்றால், “அவளுக்குப் பிடிக்காதுன்னு விட்டுட்டோம்.” நாடித் துடிப்பு 50-க்கும் கீழே. நேராக வார்டுக்கு அனுப்பினேன்.

‘மூல காரணத்தைக் கண்டுபிடித்தால் சாப்பாடு பின்னாலேயே வரும்’ என்று யார் கிளப்பிவிட்டார்களோ! 1944-45-ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆரோக்கியமான 36 இளைஞர்களுக்கு ஏறக்குறைய ஆறு மாதம் அரைவயிற்றுச் சாப்பாடு கொடுத்துப் பார்த்தார்கள். யாருக்கும் அனோரெக்ஸியா கிடையாது. ஆனாலும் எந்நேரமும் உணவு நினைப்பு, எரிச்சல், சோர்வு, யாரோடும் ஒட்டாமல் ஒதுங்குவது என எல்லாம் வந்தது. சிலர் சமையல் குறிப்புகளைச் சேர்த்தார்கள். ஒரு வேளைச் சாப்பாட்டை இழுத்து இழுத்துச் சாப்பிட்டார்கள். உங்கள் பிள்ளையிடம் நீங்கள் பார்ப்பதில் பாதி, பட்டினி செய்கிற வேலை. பட்டினி கிடக்கும் மூளையிடம் மனம்விட்டுப் பேசச் சொல்லி என்ன பயன்?

பதின்வயதினருக்கு இன்று முதலில் பரிந்துரைக்கப்படுவது குடும்பம் சார்ந்த சிகிச்சை. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவானது. 2010-ல் வெளியான ஆய்வில் இந்நோய் உள்ள பதின்வயதினர் 121 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குக் குடும்ப சிகிச்சையும் மற்றதற்குத் தனிநபர் சிகிச்சையும் கொடுத்தார்கள். சிகிச்சை முடிந்து ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, குடும்ப சிகிச்சை பெற்றவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் முழுமையாகத் தேறியிருந்தார்கள். தனிநபர் சிகிச்சையில் கால்வாசிக்கும் குறைவு. தனிநபர் சிகிச்சை வீண் என்று சொல்லவரவில்லை. குடும்ப சிகிச்சை ஒத்துவராதபோது அதுவும், உணவுக் கோளாறுக்கென்றே உள்ள சிபிடியும் (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை) கைகொடுக்கும். ஆனால் எதுவானாலும் எடையைப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும்.

முதல் கட்டத்தில் எதை, எவ்வளவு, எப்போது என்று முடிவெடுப்பது பெற்றோர். வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுவரச் சொல்லி, என் அறையிலேயே குடும்பத்தோடு உட்கார வைப்பேன். பிள்ளை ஒரு கவளத்தை நான்காகக் கிள்ளி ஓரமாக ஒதுக்கும். அம்மா கெஞ்சுவார், அப்பா அதட்டுவார், இருவரும் ஒருவரையொருவர் முறைப்பார்கள். நான் சொல்வது ஒன்றுதான்: இரண்டு பேரும் ஒரே வாக்கியத்தை, குரல் உயர்த்தாமல், திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். “இன்னும் ஒரு வாய்.” கலோரிக் கணக்கு பேசாதீர்கள், பேரம் வேண்டாம். எடை ஏறியதும் பொறுப்பை மெல்ல மெல்லப் பிள்ளை கையில் திருப்பித் தருவோம். படிப்பு, நட்பு, பருவ வயதுக் குழப்பம் எல்லாவற்றையும் அப்புறம் தாராளமாகப் பேசலாம்.

நீங்கள் வளர்த்த விதத்தால் இந்த நோய் வரவில்லை. தயவுசெய்து அந்தக் குற்ற உணர்ச்சியை விடுங்கள். அது உங்களைச் சாப்பாட்டு மேஜையில் தயங்க வைக்கிறது. தட்டைத் தள்ளிவிட்டுக் கத்துவது பிள்ளை அல்ல, நோய் என்று நினைத்துக்கொண்டால் கோபமும் குறையும்.

‘ஒல்லியாகவே தெரியவில்லையே’ என்று அசட்டையாக இருக்காதீர்கள். குண்டாக இருந்த பிள்ளை மளமளவென்று இளைப்பதும் ஆபத்துதான். மாதவிடாய் நின்றுபோனால் டாக்டரிடம் காட்டுங்கள். மயக்கம் வந்தால், தண்ணீரையும் மறுத்தால், அன்றே மருத்துவமனை. பல நாள் ஏறக்குறைய ஒன்றுமே சாப்பிடாத பிள்ளைக்கு வீட்டில் திடீரென்று அள்ளி ஊட்டவும் கூடாது. ரத்தத்தில் பாஸ்பேட் என்ற உப்பின் அளவு சரிந்து இதயத்தைப் பாதிக்கும். அதை வார்டில் ரத்தப் பரிசோதனையோடு நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.