வென்டிலேட்டரில் காற்றைக் கூட்டச் சொல்கிறவர்களுக்கு

"சார், அப்பாவுக்கு இன்னும் மூச்சு வாங்குது. மெஷின்ல காத்தக் கொஞ்சம் ஏத்தி வைங்க சார்."

கடலூரில் ஐசியூ வாசலில் நான் அடிக்கடி கேட்கும் வேண்டுகோள் இது. போன ஐப்பசியில் இப்படிக் கேட்டவர் காட்டுமன்னார்கோவில் பக்கத்து விவசாயி. தந்தைக்கு எலிக்காய்ச்சல் முற்றி இரண்டு நுரையீரலும் பாதித்திருந்தது.

"தம்பி, கடைமடைக்குத் தண்ணி ஏறலைன்னு மதகை முழுசாத் தூக்கிவிட்டா என்ன ஆகும்?"

"தலைமடைல வரப்பு உடைச்சுக்கும் சார்."

நுரையீரலிலும் அதேதான். நீர் கோத்த நுரையீரல் ஊறிய பஞ்சு போலக் கனக்கும். மல்லாந்து படுத்திருப்பவருக்கு அந்தக் கனமெல்லாம் முதுகுப் பக்கம் இறங்கி, அங்குள்ள காற்றறைகள் நசுங்கி மூடிக்கொள்கின்றன. அழுத்தத்தை ஏற்றினால் காற்று ஏற்கெனவே திறந்திருக்கும் நெஞ்சுப் பக்கத்துக்கே பாய்கிறது. நன்றாக இருந்த அந்தப் பகுதியும் அளவுக்கு மீறி உப்பிக் கெடும், சிலருக்குக் கிழிந்தே போகும். இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைந்து பிபியும் சரியும்.

அழுத்தமே வேண்டாம் என்பதல்ல. மூச்சு வெளியேறிய பிறகும் கொஞ்சம் அழுத்தத்தை உள்ளே நிறுத்தி வைப்போம். 'பீப்' என்போம். திறந்த காற்றறை மறுபடி மூடாமல் இருக்க அதுதான் துணை. எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் மாறும்; மணிக்கணக்கில் பக்கத்தில் நின்று பார்த்துத்தான் வைக்கிறோம்.

2000-இல் அமெரிக்காவில் வெளியான இப்படி நுரையீரல் பாதித்த 861 நோயாளிகள் பற்றிய ஆய்வில், ஒரு மூச்சுக்குக் கிலோவுக்கு 12 மி.லி. காற்று பெற்றவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் இறந்தார்கள். 6 மி.லி. பெற்று, அழுத்தமும் 30 செ.மீ. நீர் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குள் வைக்கப்பட்டவர்களில் 31 சதவீதம்.

அந்தப் பெரியவரை நான்கைந்து பேர் சேர்ந்து, டியூபை ஒருவர் கையில் பிடித்தபடி, குப்புறப் படுக்க வைத்தோம். மகன் கண்ணாடி வழியே பார்த்து அழுதுவிட்டார். முதுகுப் பக்கத்துக் கனம் விலகினால் அங்கே காற்று புகும் என்பதை முன்பே பொறுமையாகச் சொல்லியிருக்க வேண்டும் நான். மறுநாள் காலை, மெஷினில் அவருக்குத் தேவைப்பட்ட ஆக்சிஜன் 80 சதவீதத்திலிருந்து 50-க்கு இறங்கியது. அழுத்தத்தை ஏற்றவே இல்லை.

ஐசியூவில் நோயாளியின் உயரத்தைக் கேட்டால் சரியாகச் சொல்லுங்கள். 6 மி.லி. கணக்கு உயரத்தை வைத்துத்தான். உடம்பு பெருத்தாலும் நுரையீரல் பெருப்பதில்லை. 165 செ.மீ. ஆண் 85 கிலோ இருந்தாலும் அந்த உயரத்துக்குரிய 61 கிலோவுக்கே கணக்கிடுவோம். பழைய டிபி, ஆஸ்துமா, பீடிப் பழக்கம் எதையும் மறைக்காதீர்கள். இவை உள்ளவர்களுக்கு அழுத்தம் வைக்கும் முறையே வேறு.