கேரிசன்: காவற்படையா, நிலைப்படையா?

போர் முடிந்து பெரும்படை ஊர் திரும்பிய பிறகும், பிடித்த இடத்தைக் கைவிடாமல் வைத்திருக்க அங்கேயே நிறுத்தப்படும் படைக்கு ஆங்கிலத்தில் 'கேரிசன்' (garrison) என்று பெயர். அது கோட்டைக்குள் இருக்கலாம், நகரத்திலோ முக்கியமான சாலையிலோ இருக்கலாம். 'காவற்படை' என்ற வழக்கமான மொழிபெயர்ப்பில் பாதிப் பொருள்தான் வருகிறது.

இச்சொல்லின் பிறப்பைப் பார்த்தால் மறுபாதி தெரியும். பழைய பிரெஞ்சில் 'கரிர்' என்றால் காத்தல். அதிலிருந்து வந்தது 'கரிசோன்'. 13ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது அதற்குச் செல்வம், கொடை என்றுதான் பொருள். கோட்டை என்ற பொருள் பிறகு வந்தது. படை என்ற பொருளைத் தந்தது இன்னொரு சொல்: 'கர்னிசோன்'. இதன் வேரான 'கர்னிர்' என்பதற்கு வேண்டியதைக் கொடுத்து ஆயத்தப்படுத்துதல் என்று பொருள். உணவின்மேல் அலங்காரமாகத் தூவுகிறோமே, அந்தக் 'கார்னிஷ்' இதற்கு உடன்பிறப்பு. ஒலி நெருங்கியதால் ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன.

காத்தல், தீனி போடுதல் இரண்டும் ஒரே சொல்லில் இருப்பது பொருத்தம்தான். பேரரசுகள் தடுமாறியது பெரும்பாலும் இரண்டாவதில். ரோமானியக் காலாள் ஒருவனுக்கு மாதம் மூன்றில் இரண்டு மெதிம்னோஸ் (கிரேக்க முகத்தலளவை) கோதுமை, ஏறத்தாழ 35 லிட்டர், என்று கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸ் கணக்குச் சொல்கிறார். 750 பேருக்கு மாதம் 26,000 லிட்டருக்கு மேல். குதிரைத் தீவனமும் விறகும் தனி. இதைத் தலைநகரிலிருந்து அனுப்பி மாளாது. சுற்றுவட்டாரத்தில்தான் வாங்கவோ பறிக்கவோ வேண்டும். பறித்தால் கலகம், வாங்கினால் கருவூலம் காலி.

தாளில் உள்ள படை வேறு, களத்தில் நிற்கும் படை வேறு. வட இங்கிலாந்தின் விண்டோலாண்டா என்ற ரோமானியக் கோட்டையில் கிடைத்த மெல்லிய மரப்பலகை ஒன்றில், கி.பி. 90களில் ஒரு மே 18ஆம் தேதி எடுத்த ஆள்கணக்கு இருக்கிறது. அங்கிருந்த துங்கிரியர் (இன்றைய பெல்ஜியப் பகுதி மக்கள்) முதல் படைப்பிரிவில் பேரேட்டின்படி 752 பேர். அவர்களில் 456 பேர் கோட்டையில் இல்லை: 337 பேர் பக்கத்து ரோமானியத் தளமான கோரியாவில் (இன்றைய கார்பிரிட்ஜ்), 46 பேர் ஆளுநரின் மெய்க்காவலில், மீதிப்பேர் வெவ்வேறு வேலைகளில். கோட்டையில் இருந்த 296 பேரில் 15 பேர் நோயாளிகள், 6 பேர் காயம்பட்டவர்கள், 10 பேருக்குக் கண்ணழற்சி. ஆக, வேலைக்கு ஆகக்கூடியவர்கள் 265 பேர். நூற்றுவர் தலைவர்கள் ஆறு பேரில் அன்று கோட்டையில் இருந்தவர் ஒருவர்தான்!

யாரை எங்கே நிறுத்துவது என்பது அடுத்த சிக்கல். உள்ளூர்க்காரனுக்கு மொழியும் வழியும் தெரியும்; ஆனால் சொந்த சனம் கிளர்ந்தால் அவன் எந்தப் பக்கம்? கி.பி. 69இல் ரைன் முகத்துவாரத்தில் படேவியர் என்ற ஜெர்மானிய இனத்தாரின் கலகத்தை நடத்திய சிவிலிஸ், ரோமின் துணைப்படையிலேயே தலைமை வகித்தவர். வெளியூர்ப் படையை மட்டும் நம்பினால் அது தன் தளபதியைத்தான் அரசனாகப் பார்க்கும். பிரிட்டன் ஆளுநர் குளோடியஸ் அல்பினஸ் அங்கிருந்த படையைத் திரட்டிக்கொண்டு அரியணைக்கே போட்டியிட்டு, 197இல் லுக்டூனத்தில் (பிரான்சின் இன்றைய லியோன்) தோற்றார். பின்னர் பிரிட்டனை இரு மாகாணங்களாக வெட்டினார்கள். ஒரே ஆளிடம் பெரிய படை சேராது. ஆனால் எதிரி வந்தால் ஒன்றுசேரவும் நேரமாகும்.

தமிழுக்கு வருவோம். மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை என்ற பழைய அறுவகைப் பகுப்பில் இதற்கு இடமில்லை. அது ஆள் எங்கிருந்து வந்தான் என்று பார்க்கிறது, எங்கே நிற்கிறான் என்று பார்ப்பதில்லை. 'பாசறை' போர்க்காலத்துத் தற்காலிகத் தங்கல். 'தாணையம்' பொருளில் சரி, ஆனால் 'தாணா' (காவல் நிலையம்) என்ற இந்துஸ்தானிச் சொல்லிலிருந்து வந்தது, வழக்கிலும் இல்லை. முதலாம் குலோத்துங்கனின் மெய்க்கீர்த்தி, அவன் தென்னாட்டை வென்றபின் 'கோட்டாறு உட்பட நெறிதொறும் நிலைகள்' இட்டதைச் சொல்கிறது. சாலைதோறும் நிலை! அங்கே இருப்பது நிலைப்படை.

ஒரு குழப்பம் உண்டு. அமைதிக்காலத்திலும் கலைக்காமல் வைத்திருக்கும் படையையும் சிலர் நிலைப்படை என்கிறார்கள். அதற்கு 'நிரந்தரப் படை' போதும். கேரிசனைக் குறிக்கும்போது ஊர்ப்பெயரைச் சேர்த்து எழுதினால் ஐயமே வராது: கோட்டாற்று நிலைப்படை, விண்டோலாண்டா நிலைப்படை.